கடைசிக் கழுதை

அவருக்குச் சிரிக்கத் தெரியாது என்று எங்கள் வீதியில் சொல்வார்கள். அது தப்பு. தத்தி நடக்கிற குழந்தையைப் பார்த்தால் சிரிப்பார். மழை பிடித்துக்கொண்டால் வாசலில் நின்று கையை நீட்டிச் சிரிப்பார். அவருக்குத் தெரியாதது விளையாட்டுப் பேச்சுதான். ஒருவர் ஒன்றைச் சொன்னால், சொன்னது அதுதான் என்று எடுத்துக்கொள்வார். வாயில் ஒன்றும் மனசில் ஒன்றுமாகத்தான் மனிதர்கள் பாதி நேரம் பேசுகிறார்கள் என்பது நடுவயது தாண்டியும் அவருக்கு எட்டவில்லை.

பெயரை எழுதப்போவதில்லை. அவர் இன்னும் இருக்கிறார். அவர் மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீதியில் அவரை டிராயிங்காரர் என்போம், அதுவே போதும். கோயமுத்தூர் கணபதியில் வீட்டுக்கு ஒரு லேத் பட்டறை இருந்த வீதி அது. பம்பு உதிரிகளுக்கும் வார்ப்பு அச்சுக்கும் கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுப்பது அவர் தொழில். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர்தான். என் வீட்டுக்காரர் பின்புறம் சின்னப் பட்டறை வைத்திருந்தார். அதற்கு வேண்டிய படங்களை வரைந்து கொடுத்ததும் அவர்தான். அப்படித்தான் பழக்கம்.

ஒரு நாள் காலையில் டிராயிங்காரர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எவனோ ஒருவன், "மேம்பாலத்துல ஆனை நிக்குதுங்கொ, டீயைக் குடிச்சுப்போட்டு ஓடுங்க" என்று சொல்லியிருக்கிறான். மலையடிவாரத்தில் தடாகம் பக்கம் யானை இறங்குவது எங்கள் ஊரில் புதிதில்லை. ஆனால் மேம்பாலத்தில் யானை என்றால் யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். இவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போய் மகளை அழைத்து வந்து, வீதியில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி கேட்டைச் சாத்தச் சொன்னார். எங்கள் வீட்டிலும் தட்டினார். நான் மாடியில் காயப்போட்டிருந்த மிளகாயைக்கூட எடுக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் தெரிந்து வீதியே சிரித்தது. பேக்கரியில் அவர் தலை தெரிந்தாலே பிளிறுவார்கள். என் வீட்டுக்காரர் பொறுக்காமல் அவரிடம், "அவன் வெளையாட்டுக்குச் சொன்னதுங்க அண்ணா" என்றார்.

"அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டார். சற்று யோசித்துவிட்டு, "ஆனை வரலைன்னா நல்லதுதானுங்களே" என்றார்.

அவருக்குக் கோபமே வராது. ஏமாந்ததாகவே அவர் நினைப்பதில்லை. சொன்னவன் எதற்காகவோ சொன்னான், நாம் செய்ய வேண்டியதைச் செய்தோம், அவ்வளவுதான். அதனால்தான் அவரைக் கேலி செய்கிறவர்களுக்கு அலுப்பே வரவில்லை. திருப்பிச் சிரிக்கவும் மாட்டார், திட்டவும் மாட்டார்.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். ஜாக்கெட் தைப்பவர். சுருக்கென்று பேசுவார், ஆனால் அவரை விட்டுக்கொடுத்ததில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சுமுறைதான் அந்த அக்காவைப் பாடாய்ப் படுத்தியது. இங்கே யாரைப் பார்த்தாலும், "ஊட்டுப் பக்கம் வாங்க" என்போம். அது ஒரு மரியாதை. வரச் சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இவருக்கு மட்டும் தெரியாது.

அவரிடம் படம் வாங்குகிற, இரும்பு வார்க்கிற பவுண்டரி முதலாளி ஒருவருக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு இருந்தது. பேச்சுவாக்கில், "ஒரு ஞாயித்துக்கெழமை குடும்பத்தோட வாங்க. எளநி குடிச்சுப்போட்டு மாசாணியம்மனையும் கும்பிட்டுப்போட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இவர் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கிக்கொண்டு, பொள்ளாச்சி பஸ் ஏறிப் போய்விட்டார். முதலாளி அங்கே இல்லை. வீட்டம்மாவுக்கு இவர்களை யாரென்றே தெரியவில்லை. வாசலிலேயே நிற்க வைத்து, காவல்காரரிடம் சொல்லித் தண்ணீர் கொடுத்தனுப்பினார்களாம்.

அக்கா எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது முகம் சிவந்திருந்தது. "பழப்பையைக் கேட்டுல மாட்டிப்போட்டு வந்தமுங்க. என்ற புள்ளை பஸ்ஸுல பேசவே இல்லை. இவரு, தோப்பு நல்லாப் பராமரிக்கறாங்கன்னு பேசிக்கிட்டு வாராரு."

மறுநாள் அவர் முதலாளியிடம் போய், "உங்க நேரம் பாக்காம வந்துட்டனுங்க" என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். முதலாளிக்கு முதலில் எதற்கு என்றே புரியவில்லையாம்.

இப்படிப்பட்டவர் பணம் பெருக்கும் வித்தைகளில் எப்போதோ மாட்டியிருக்க வேண்டும். ஆனால் மாட்டவில்லை. கொரோனாவுக்கு முன்னால் எங்கள் வீதியில் பாதிப்பேர் ஏதோ ஒரு கம்பெனியில் பணம் போட்டார்கள். அவருடைய மச்சினன், அதாவது அக்காவின் தம்பி, சத்தி ரோட்டில் மொபைல் கடை வைத்திருந்தவன், அவரையும் போடச் சொல்லி நச்சரித்தான். அவர் அந்தக் கம்பெனி நோட்டீசை வாங்கிப் படித்தார். கடைசியில் பொடி எழுத்தில், இது சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது என்று இருந்தது. "அபாயம்னு அவங்களே சொல்றாங்களே மாப்பிள்ளை" என்று நோட்டீசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கம்பெனி மூடிக்கொண்டபோது வீதியில் நஷ்டம் இல்லாத ஒரே வீடு அவருடையதுதான். எல்லோரும் சும்மா சொல்கிற, யாருமே கேட்காத ஒரு வார்த்தையை அவர் ஒருவர்தான் காதில் வாங்கினார். அதற்காக அவரை யாரும் பாராட்டவில்லை.

கொரோனாவில் பவுண்டரிகளை மூடிவிட்டார்கள். படம் கேட்டு யாரும் வரவில்லை. வீட்டின் முன்னறையில் அவருடைய கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடந்தது. முப்பரிமாணப் படம் வரைவதற்காகக் கடன் வாங்கிப் போட்ட பெரிய இயந்திரம் அது. அந்த நாட்களில்தான் மச்சினன் அவருக்கு ஒரு செய்தியை வேடிக்கைக்காக அனுப்பினான். வெளிநாட்டில் யாரோ சில இளவட்டங்கள் புதிதாக ஒரு காசு விட்டிருந்தார்கள். கையில் பிடிக்கிற காசில்லை, கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கிற காசு. பல்லை இளித்துக்கொண்டிருக்கிற ஒரு கழுதைத் தலைதான் அதன் சின்னம். நம் கம்ப்யூட்டர் அவர்களுக்காக ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். போடுகிற கணக்குக்குக் கூலியாகக் கழுதைக் காசு வந்து சேரும். அதற்குத் தோண்டுவது என்று பெயர்.

அந்தக் காசின் இணையப் பக்கத்தில் முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள்: இதற்கு எந்த மதிப்பும் இல்லை, இது ஒரு வேடிக்கை, உங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருந்தால் வந்து தோண்டுங்கள்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து இதை என் வீட்டுக்காரரிடம் காட்டினார். "மதிப்பில்லைன்னு தானே சொல்றவன் ஆரை ஏமாத்தப் போறானுங்க? கம்ப்யூட்டர் சும்மா இருந்தா வாங்கன்னு கூப்புடறாங்க. என்றகிட்ட சும்மா இருக்குதுங்களே."

"அது சும்மா ஒரு கேலிக்குங்க அண்ணா" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேலின்னும் போட்டிருக்காங்க" என்று அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

துணியை எடுத்தார். இயந்திரம் ஓட ஆரம்பித்தது. பிறகு அது நிற்கவேயில்லை. பொதுச் சுவர் வழியாக எங்கள் படுக்கையறையில் அதன் உறுமல் கேட்கும். மூடியைக் கழற்றி இரண்டு பக்கமும் டேபிள் பேன் வைத்தார். அந்த அறையில் நுழைந்தால் அடுப்பங்கரைபோல அனல் அடிக்கும். அக்கா தையல் மிஷினைத் தள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். மார்கழியில் குளிருக்கு மாவு புளிக்கவில்லை என்று வீதியெல்லாம் புலம்பியபோது அக்கா மாவுப் பாத்திரத்தைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். பொங்கி வழிந்தது. "இந்தக் கழுதை இதுக்காவது ஆகுதுங்களே" என்று எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். கரண்டு பில் வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. அவர் பேக்கரி டீயை விட்டார். பிறகு பைக்கை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். மகள் ஆன்லைன் வகுப்பை அம்மாவின் சின்னப் போனில் பார்த்தாள்.

அந்தக் காசைத் தோண்டுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து பேசிக்கொள்ள ஒரு குழு இருந்தது. அதற்கு மந்தை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருவரையொருவர் கழுதை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எங்கெங்கோ இருக்கிறவர்கள் காலையில் இவருக்கு வணக்கம் சொன்னார்கள். இவர் எல்லோருக்கும் பதில் போட்டார். ஒரு கழுதைக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தால், சாயங்காலம் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் விசாரிப்பார். எங்கள் வீதியில் அவரை யாரும் அப்படிச் சேர்த்துக்கொண்டதில்லை.

ஒரு நாள் அந்த மந்தையில் ஒருவன் சட்டம் போல ஒன்று எழுதினான். நாம் யாரும் விற்கக் கூடாது, கடைசிக் கழுதை கரை சேருகிறவரை ஒன்றாகவே இருக்க வேண்டும், சம்மதிப்பவர்கள் சத்தியம் செய்யுங்கள் என்று. எல்லோரும் சிரிக்கிற பொம்மை முகங்களோடு சத்தியம் சத்தியம் என்று போட்டார்கள். இவர் கைகால் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். அப்போது மச்சினனும் பக்கத்தில் இருந்தான். அவனும் கடையில் ஒரு கம்ப்யூட்டரில் தோண்டிக்கொண்டிருந்தான்; எல்லாம் இவர் சொல்லிக்கொடுத்தது. "நானும் போட்டர்றேன் மச்சான்" என்று தன் போனில் சத்தியம் போட்டான்.

யாரும் எதிர்பாராதது நடந்தது. வெளிநாட்டில் பெரும்புள்ளி ஒருவர் அந்தக் கழுதைப் படத்தைத் தன் இணையப் பக்கத்தில் போட்டுச் சிரித்திருக்கிறார். அவ்வளவுதான் காரணம். மதிப்பில்லை என்று எழுதியிருந்த காசுக்கு விலை வந்துவிட்டது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று ஏறிக்கொண்டே போயிற்று. தொடக்கத்திலிருந்தே ஓயாமல் தோண்டியதால் இவரிடம் ஏராளமாகச் சேர்ந்திருந்தது. கணபதிக்கே செய்தி பரவிவிட்டது. பிளிறியவர்கள் அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "ஏனுங்க அண்ணா, இதெப்படிங்க பண்றது?" என்று கேட்டார்கள். எல்லோருக்கும் நாற்காலி போட்டுப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். யாரிடமும் பழசைச் சொல்லிக் காட்டவில்லை.

அக்காவின் முகத்தில் நான் அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வாடகை வீடுதான். அன்னூர் ரோட்டில் வீடு கட்ட ஒரு சைட் விலைக்கு வந்திருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். வெறும் சோளக்காடு, நடுவில் கல் நட்டிருந்தார்கள். அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்த மண்ணில் நடந்து, "இக்கட்ட சமையல்கட்டு. மிஷினு இங்க, சன்னலோரமா. அப்பத்தான் வெளிச்சம் இருக்கும், கண்ணுக்குக் கெடுதி இல்லீங்க" என்று காட்டினார். அக்காவுக்கு அப்போதே கண் மங்கத் தொடங்கியிருந்தது.

திரும்பி வந்து அவரிடம் சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"பாதியை வித்தாப் போதுங்க. மீதியை நீங்களே வெச்சுக்கங்க."

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஆருகிட்ட? மூஞ்சி தெரியாத கழுதைககிட்டயா?"

"ஒட்டுக்கா இருக்கறதுன்னு சொல்லியிருக்கோம். நான் வித்தா வெலை எறங்கும். பொறவு வந்தவங்க என்ன பண்ணுவாங்க? நம்ம பேச்சைக் கேட்டு ஆரம்பிச்சவங்க இந்த வீதியிலயே இருக்காங்க."

"நான் உங்ககிட்ட இத்தனை வருசத்துல எதையாச்சும் கேட்டிருக்கனா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "இல்லை" என்றார். "நீ கேட்டதில்லை." அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா எழுந்து பின்கட்டுக்குப் போனார். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரரும் போய்ச் சொல்லிப் பார்த்தார். மந்தையில் அந்தச் சத்தியத்தை யாரும் சத்தியமாக நினைக்கவில்லை, எல்லாரும் ஒரு தமாசுக்குப் போட்டதுதான் என்றார். "சத்தியத்துல தமாசுங்களா?" என்று அவர் கேட்டார். பொய்யாகக் கேட்கவில்லை. அப்படியொன்று உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பத்துப் பதினைந்து நாட்களில் எல்லாம் முடிந்துவிட்டது. முதலில் விற்றவர்களில் அந்தச் சட்டத்தை எழுதியவனும் ஒருவன். எங்கள் வீதியில் ஒவ்வொருவராக விற்று வெளியே வந்தார்கள். விலை கிணற்றில் கல் விழுவதுபோல் விழுந்து, பழையபடி ஒன்றுமில்லாமல் போயிற்று. மச்சினன் உச்சியில் இருந்தபோதே விற்றிருந்தான். அன்னூர் ரோட்டில் அக்கா நடந்து பார்த்த அதே சைட்டை அவன் வாங்கினான். அக்காவுக்கு அதைப் பத்திரப் பதிவுக்கு மறுநாள்தான் சொன்னான்.

இவர் அவனிடம் கேட்டது சைட்டைப் பற்றி இல்லை. "சத்தியம்னு போட்டீங்களே மாப்பிள்ளை? நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"அட மச்சான், அல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். அதுக்குப்போயி..." என்று தோளில் தட்டிவிட்டு அவன் போய்விட்டான்.

அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. மந்தையில் யாருமே பேசுவதில்லை. இவர் மட்டும் காலையில் வணக்கம் போடுவார். ஒரு தடவை, நான் இருக்கிறேன், வேறு யார் இருக்கிறீர்கள் என்று எழுதினாராம். எங்கிருந்தோ ஒருவன் கண்ணீர் வரச் சிரிக்கிற முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டான். அதன் பிறகு அதுவும் இல்லை. ஒரு நாள் உறுமல் தானாக நின்றது. கருகிய வாடை எங்கள் வீடுவரை வந்தது. உள்ளே இருந்த முக்கியமான சர்க்யூட் பலகை வெந்துபோயிருந்தது. படம் வரைகிற வேலைக்கும் அது ஒன்றுதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஆறுதலாகச் சொன்னார், முதல் வரியிலேயே மதிப்பில்லை என்று எழுதியிருந்ததே அண்ணா என்று.

"அதை நான் படிச்சேனுங்க. அது நெசம். அதுல நான் ஏமாறலை" என்றார். "கூட இருக்கறம்னு சொன்னாங்கல்லொ, அதுலதானுங்க."

மச்சினன் தன் குழந்தைக்குக் கொடுமுடியில் காதுகுத்து வைத்தான். வீதியிலிருந்து ஒரு வேன் நிறையப் போனோம். பணம் வந்த தெம்பு அந்த விசேஷத்தில் தெரிந்தது. காவிரியில் குளித்து, மொட்டை போட்டு, காது குத்தி, மண்டபத்தில் பந்தி. இவருக்கு முன்வரிசையில் இலை போட்டான் மச்சினன். தாய்மாமன் சீர் கொண்டுவந்த தன் மனைவி வீட்டாரிடம் அவரைக் காட்டி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "இவருதானுங்க எங்க மச்சான். பெரிய கோடீசுவரரு. சொத்துப் பூராவும் கழுதையா மேய விட்டிருக்காருங்க."

பந்தியே குலுங்கியது. பரிமாறுகிறவன் ரசவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். எனக்கு எதிரில் அக்கா இலைமேல் கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். மகள் எழுந்து வெளியே போனாள். என் வீட்டுக்காரர் எப்போதும்போல அவர் பக்கம் குனிந்து, "வெளையாட்டுக்குச் சொல்றதுங்க அண்ணா" என்று ஆரம்பித்தார்.

"தெரியுதுங்க" என்றார் அவர்.

அப்புறம் சிரித்தார். முதலில் வாய் மட்டும் திறந்தது. சத்தம் வரவில்லை. பிறகு, ரொம்ப நாள் ஓடாத மோட்டார் தண்ணீர் எடுப்பதற்கு முன்னால் வறட்டு வறட்டென்று ஒரு சத்தம் போடுமே, அப்படி வந்தது. நிறுத்தாமல் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சிரித்தார். தோள் குலுங்கியது. சிரித்தபடியே மச்சினன் முகத்தைப் பார்த்து, "நல்லாருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார். அவன் பாயசம் வரச் சொல்லி உள்ளே போய்விட்டான்.

திரும்பி வருகிற வேனில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ஒருவழியாக மனுஷனாகிவிட்டார் என்றார்கள்.

அன்றிலிருந்து அவர் மாறிப்போனார். பேக்கரிக்குப் போக ஆரம்பித்தார். யார் எதைச் சொன்னாலும் சிரித்தார். அவர் வந்தால் இப்போது இடம் கொடுத்தார்கள். ஆனால் வேடிக்கையை மட்டும் தனியாகப் பிரிக்க அவருக்குத் தெரியவில்லை. முன்பு எல்லாம் நிஜமாக இருந்தது, இப்போது எல்லாம் கேலியாக இருந்தது. ஆனைமலைத் தோப்புக்கார முதலாளி, பழைய விசுவாசத்துக்கு, தன் ஆபீசிலேயே ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்து, ஒரு பம்பு மூடிக்குச் சனிக்கிழமைக்குள் படம் வேண்டும் என்றார். இவர் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். திங்கட்கிழமை ஆள் வந்து கேட்டபோது, "நெசமாலுமே கேட்டாருங்களா?" என்றார். அந்த வேலையும் போயிற்று.

பிளஸ் டூ முடித்த மகளுக்குக் கவர்மெண்டு காலேஜில், அவள் கேட்ட படிப்பிலேயே இடம் கிடைத்தது. போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நானும் அக்காவும் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். "அப்பா, கெடைச்சிருச்சுங்கப்பா" என்று அவரிடம் நீட்டினாள்.

அவர் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "ஆரு கண்ணு அனுப்பிச்சா? உன்ற மாமனா?"

"இல்லீங்கப்பா. நெசமாலும்."

"சரி சரி" என்று அவள் கன்னத்தைத் தட்டினார். "உங்கம்மாளை ஏமாத்து, போ."

அந்தப் பெண் போனை அணைத்தாள். பிறகு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளும் ஒரு வெங்காயத்தை எடுத்தாள். அக்காதான் அவளைக் காலேஜில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆஸ்டலுக்குக் கிளம்பிய அன்று அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனார். பஸ் நகர்ந்தபோதுகூட, அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிச் சிரித்துக்கொண்டு வந்துவிடுவாள் என்று நினைத்ததுபோலத்தான் நின்றிருந்தாராம்.

நாங்கள் பட்டறையை மூடிவிட்டுச் சரவணம்பட்டியில் மகன் வீட்டுக்குப் போனோம். பிறகு அவர்களைப் பார்க்கவே வாய்க்கவில்லை. என் வீட்டுக்காரர் போன ஆடியில் காலமானார். நெஞ்சுவலி என்று சொல்லி ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. கணபதியிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். டிராயிங்காரர் வரவில்லை. யாரோ பேக்கரியில் அவரிடம் சொன்னார்களாம். சிரித்தாராம். அதைச் சொன்னவர் என்னிடம் கோபமாகச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

போன மாதம் காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரே எதிரில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஏதோ குடோனில் கணக்குப் பார்க்கிறாராம். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்கறாளுங்க. ஒரு கண்ணு சரியாத் தெரியறதில்லைங்கறா" என்றார், அதையும் பாதிச் சிரிப்போடு. பிறகு, "ஊட்டுக்காரரு நல்லா இருக்காருங்களா அம்மணி?" என்றார்.

என் நெற்றியைப் பார்த்தால் தெரியாதா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் நேராகவே சொன்னேன். "அவரு தவறிப்போயிட்டாருங்க அண்ணா. ஆடியில."

அவர் என் முகத்தையே பார்த்தார். வாய் மெல்ல அகன்றது. பிறகு எனக்குப் பின்னால், யாராவது ஒளிந்து நின்று பார்க்கிறார்களா என்று, கூட்டத்தில் தேடினார். யாரையும் காணாமல் திரும்பி, தலையை ஆட்டிச் சிரித்தார்.

"நீங்களுமா அம்மணி?"

என் பஸ் வந்து நின்றது. ஏறுவதற்கு அவரே என் பையை வாங்கிப் படியில் வைத்தார்.

"நான் கேட்டேன்னு அவருகிட்டச் சொல்லுங்க" என்றார்.

"சொல்றேனுங்க அண்ணா" என்றேன்.